மெய் காட்டாத உள்ளம்



உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் வெளிப்படும் என்பது தமிழ்க் கவிதை மரபின் அடிப்படைகளுள் ஒன்று. தொல்காப்பியம் அவ்வெளிப்பாட்டுக்கு மெய்ப்பாடு என்று பெயரிட்டு, பொருளதிகாரத்தில் தனி இயலே வகுத்துள்ளது. கண்ணீரும் நடுக்கமும் மெய்சிலிர்ப்பும் உள்ளத்தின் தூதுவர்கள். தலைவி வாய் திறவாதபோதும் அவள் மேனியின் மாற்றம் கண்டு தோழி அவள் உள்ளத்தை உய்த்துணர்கிறாள். அகப்பாடல்களின் உலகம் இந்தத் தூதுவர்களை நம்பியே இயங்குகிறது.

தூதுவர் எவரையும் அனுப்ப இயலாத உள்ளம் ஒன்று இருக்குமானால், அதை யார் அறிவது? எவ்வாறு அறிவது? இது வெறும் தத்துவ வினா அன்று. விபத்தில் மூளை அடிபட்டுச் சில காலம் நினைவிழந்து கிடந்து, பின்னர்க் கண் விழித்தும் எவரையும் அறியாதவராய், எச்சொல்லுக்கும் அசையாதவராய் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் வாழும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். உறங்குகிறார்கள், விழிக்கிறார்கள், மூச்சு தானே நடக்கிறது. 'கையைத் தூக்கு' என்றால் கை எழுவதில்லை. இவர்களுள் உள்ளம் விழித்திருப்போர் உண்டா என்னும் வினாவுக்கு மூளையைப் படமெடுக்கும் அறிவியல் தந்த விடையும், அந்த விடையின் எல்லையுமே இவ்வுரையின் பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 1972இல் பிரையன் ஜென்னெட், ஃபிரெட் பிளம் என்னும் மருத்துவர் இருவர் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டினர். அதைத் தமிழில் 'தாவர நிலை' எனலாம். வளர்ச்சியும் மூச்சும் போன்ற அடிப்படை உயிர்ச்செயல்கள் மட்டுமே எஞ்சியுள்ளன என்பதே அவர்கள் கருத்து. இழிவு செய்யும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பெயர் பார்ப்பவரின் பார்வையை மாற்றியது. 'உள்ளே ஒன்றுமில்லை' என்ற முடிவை அப்பெயரே சொல்லிவிடுவது போலாயிற்று. புல்லையும் மரத்தையும்கூடத் தொல்காப்பிய மரபியல் ஓரறிவுடைய உயிர்களாகவே எண்ணுகிறது என்பதைத் தமிழ் கற்றோர் இவ்விடத்தில் நினைவுகூர்வர்.

உள்ளத்தின் அசைவைக் குருதியின் ஓட்டத்தில் தேடும் முயற்சி பழமையானது. இத்தாலியின் துரின் நகரில் ஆஞ்செலோ மோசோ என்னும் உடலியலறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஓர் உழவரைக் கூர்ந்து ஆராய்ந்தார். தலையோட்டில் ஏற்பட்ட காயத்தின் வழியே அவ்வுழவரின் மூளைத் துடிப்பைக் கருவியால் பதிவு செய்ய முடிந்தது. ஒரு நாள் நண்பகலில் கோயில் மணி ஒலித்தது. உழவரின் உடல் அசையவில்லை; மூளையின் துடிப்போ மிகுந்தது. மணியோசை வழிபாட்டை நினைவூட்டியதா என்று மோசோ வினவினார். 'ஆம்' என்று விடை வந்தபோது துடிப்பு மீண்டும் உயர்ந்தது. நினைப்புக்கும் குருதிக்கும் உறவுண்டு என்ற உண்மை அங்கே அரும்பியது.

அந்த அரும்பு மலர ஒரு நூற்றாண்டு பிடித்தது. குருதியில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜன் என்னும் உயிர்வளியைச் சுமக்கும்போது ஒருவகைக் காந்த இயல்பும், அதை இறக்கி வைத்தபின் வேறுவகைக் காந்த இயல்பும் உடையது. இந்த வேறுபாட்டைக் கொண்டே மூளையின் செயலைப் படமாக்க முடியும் என்பதை ஜப்பானில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய செய்ஜி ஓகாவா 1990இல் காட்டினார். 1992இல் ஆய்வுக் குழுக்கள் பல மனித மூளையில் இதைச் செய்து காட்டின. தலையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஊசி வழியே மருந்து செலுத்த வேண்டியதில்லை. இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று வழங்கும் பொறியே இதற்குப் போதுமானது. மூளையின் ஒரு பகுதி மும்முரமாக இயங்கும்போது அங்கே உயிர்வளி நிறைந்த குருதி மிகுதியாகப் பாய்கிறது. பொறி அதை அளக்கிறது.

இக்கருவியால் முதலில் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று காட்சி. மனித முகத்தைக் காணும்போது சிறப்பாக இயங்கும் ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் இருப்பதை நான்சி கான்விஷரும் அவர் குழுவினரும் 1997இல் அறிவித்தனர். வீடு, தெரு, நிலக்காட்சி ஆகியவற்றைக் காணும்போது அதற்கு அண்மையிலுள்ள வேறொரு பகுதி இயங்கியது. முகத்துக்கு ஓரிடம், மனைக்கு ஓரிடம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இவ்விரண்டு இடங்களையும் கொண்டு அடுத்தடுத்து மூன்று ஆய்வுகள் நிகழ்ந்தன. 1998இல் ஃபிராங்க் டாங்கும் உடன் ஆய்ந்தோரும் ஒரு கண்ணுக்கு முகத்தையும் மறுகண்ணுக்கு வீட்டையும் ஒரே வேளையில் காட்டினர். இவ்வாறு காட்டினால் இரண்டும் ஒருங்கே தோன்றா. சில நொடிகள் முகம், சில நொடிகள் வீடு என மாறி மாறித் தோன்றும். கண்ணில் விழும் உருவங்கள் மாறவில்லை. காண்பவரின் உணர்வே மாறியது. அந்த மாற்றத்துக்கு ஏற்ப முகத்தின் இடமும் மனையின் இடமும் மாறி மாறி இயங்கின. 1999இல் முகமும் வீடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி ஊடுருவும் வகையில் காட்டப்பட்டன. எதன்மேல் கவனம் வைக்கச் சொல்லப்பட்டதோ அதற்குரிய இடமே மிகுதியாக இயங்கியது. 2000இல் காட்சியே நீக்கப்பட்டது. முகத்தை மனத்தால் நினைக்கச் சொன்னபோது முகத்தின் இடமும், ஓர் இடத்தை நினைக்கச் சொன்னபோது மனையின் இடமும் இயங்கின. நேரில் கண்டபோது எழுந்த அளவுக்கு இல்லை, ஆயினும் ஐயமின்றி இயங்கின.

காட்சி, கவனம், கற்பனை என்னும் இம்மூன்றும் ஒரே நிலத்தில் உழுகின்றன என்பது கவிஞர்க்குப் புதுமையாகத் தோன்றாது. நேரில் காணாத மலையையும் கடலையும் சொல்லால் எழுப்பிக் காட்டுவது அவர்கள் தொழில். மருத்துவத்துக்கோ இவ்வாய்வுகளால் ஒரு கதவு திறந்தது. கற்பனை செய்யும் மூளை தன் தடத்தைப் பொறியில் பதிக்குமானால், உடல் அசையாத ஒருவரிடம் 'கையைத் தூக்கு' என்பதற்கு மாறாக 'இதைக் கற்பனை செய்' என்று கேட்கலாமல்லவா?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவனும் அவர் குழுவினரும் இதையே கேட்டனர். 2005 ஜூலையில் சாலை விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர் ஐந்து மாதங்களாகியும் எவ்வித மறுமொழியும் காட்டவில்லை. மருத்துவர்கள் அவர் தாவர நிலையில் இருப்பதாக முடிவு செய்திருந்தனர்.

முதலில் அவருக்கு வாக்கியங்களை வாசித்துக் காட்டினர். அவற்றுள் சிலவற்றில் ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய் வரும் சொற்கள் அமைந்திருந்தன. தமிழில் 'ஆறு' என்ற சொல் காதில் விழுந்தால் எண்ணா, நதியா, வழியா என்று உள்ளம் ஒரு கணம் நின்று தேர்கிறதே, அத்தகைய சொற்கள் அவை. சிலேடையின் உயிரே அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அச்சொற்களைக் கேட்டபோது அப்பெண்ணின் இடப்பக்க முன்மூளையில், நலமுள்ளோரிடம் காணப்படுவது போலவே, கூடுதல் இயக்கம் தோன்றியது. ஆயினும் ஆய்வாளர்கள் அதைக் கொண்டு முடிவு கட்டவில்லை. உறக்கத்திலும் மயக்க மருந்தின் பிடியிலும்கூட மொழியின் சில பணிகள் தாமாக நிகழக்கூடும். பொருள் தேர்வது வேறு. தேர்கிறேன் என்று அறிந்திருப்பது வேறு.

ஆகவே இரண்டாம் சோதனை வைக்கப்பட்டது. டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு ஒருமுறையும், தன் வீட்டின் வாயிலில் தொடங்கி அறை அறையாக நடந்து செல்வதாகக் கற்பனை செய்யுமாறு ஒருமுறையும் அவரிடம் கூறப்பட்டது. ஆட்டத்தைக் கற்பனை செய்யும்போது, உடல் அசைவைத் திட்டமிடும் பகுதி இயங்கும். வீட்டைக் கற்பனை செய்யும்போது, மனையின் இடமும் அதனோடு தொடர்புடைய பகுதிகளும் இயங்கும். அசைவற்றுக் கிடந்த அப்பெண்ணின் மூளை ஆட்டம் என்றபோது ஆட்டத்துக்குரிய இடத்திலும், வீடு என்றபோது வீட்டுக்குரிய இடத்திலும் நலமுள்ளோரின் மூளையைப் போலவே இயங்கியது. ஆய்வு 2006 செப்டம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது.

'டென்னிஸ்' என்ற சொல் காதில் விழுந்தவுடன் மூளை தானாகத் துள்ளியிருக்கலாமே என்று சிலர் மறுத்தனர். நல்ல மறுப்புத்தான். சொல்லின் தூண்டுதலால் தானாக எழும் இயக்கம் விரைவில் அடங்கிவிடும். அப்பெண்ணின் மூளையில் எழுந்த இயக்கமோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 30 நொடிகள், 'ஓய்வெடு' என்ற சொல் வரும்வரை நிலைத்து நின்றது. கட்டளையைப் புரிந்துகொண்டு, நினைவில் இருத்தி, விரும்பிச் செயற்பட்ட ஒருவரின் அடையாளம் அது என்பதே ஓவன் குழுவினரின் விடை.

2010இல் இம்முறை மேலும் ஒரு படி சென்றது. கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் இத்தகைய நோயாளர் 54 பேரிடம் சோதனை நிகழ்ந்தது. அவர்களுள் ஐவர் கேட்டபடி கற்பனை செய்து மூளையின் இயக்கத்தை மாற்றிக் காட்டினர். அந்த ஐவருள் ஒருவரிடம், 'ஆம் என்றால் டென்னிஸை நினை. இல்லை என்றால் வீட்டை நினை' என்று சொல்லி, தந்தையின் பெயர் இன்னதா என்பது போன்ற வினாக்கள் கேட்கப்பட்டன. ஆறு வினாக்களுள் ஐந்துக்குச் சரியான விடை வந்தது. ஆறாம் வினாவுக்கு மூளை மறுமொழி தரவில்லை. தவறான விடையும் இல்லை, விடையே இல்லை. அவர் உறங்கிவிட்டாரா, களைத்தாரா, விரும்பவில்லையா என்பதைப் பொறி சொல்லாது. கற்பனையையே எழுத்தாக்கி ஒரு மனிதர் பேசினார் என்பதும், அந்தப் பேச்சும் ஓரிடத்தில் நின்றுபோயிற்று என்பதும் ஒருங்கே நினைக்கத் தக்கவை.

கட்டளையே இல்லாமல், கதை ஒன்றைக் காட்டி உள்ளத்தைத் தேடும் முயற்சியும் நடந்தது. கனடாவில் லொரினா நாசியும் ஓவனும் உடன் ஆய்ந்தோரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஹிட்ச்காக் இயக்கிய தொலைக்காட்சிக் குறும்படம் ஒன்றை எட்டு நிமிடங்களாகச் சுருக்கிக் காட்டினர். விளையாட்டுத் துப்பாக்கி என்றெண்ணி மெய்யான துப்பாக்கியை ஏந்தித் திரியும் சிறுவனின் கதை அது. குண்டு இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது. நலமுள்ளோர் இப்படத்தைக் காணும்போது பதைப்பு ஏறும் கட்டங்களில் அவர்கள் மூளைகள் ஒன்றுபோல ஏறி இறங்கின. 16 ஆண்டுகளாக எவ்வித மறுமொழியும் காட்டாதிருந்த நோயாளர் ஒருவரின் மூளையும் அதே இடங்களில் அவ்வாறே ஏறி இறங்கியது. கதையைத் தொடர்வதென்றால் முன் நிகழ்ந்ததை நினைவில் வைக்க வேண்டும். வரப்போவதை எதிர்பார்க்க வேண்டும். பாத்திரம் அறியாததைத் தான் அறிந்திருப்பதை உணர வேண்டும். 16 ஆண்டுகள் எவரும் அவரிடம் கண்டறியாத அந்தப் பதைப்பைக் கதை கண்டறிந்தது.

இவற்றைக் கேட்டவுடன் 'பொறி மனத்தைப் படித்துவிட்டது' என்று கூறிவிடத் தோன்றும். அவ்வாறு கூறுதல் தகாது. மூளைப் படத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் எண்ணங்களின் நிறங்கள் அல்ல. குருதியின் மாற்றத்தை அளந்து, கணக்கிட்டு, இவ்வளவுக்கு மேற்பட்டால் வண்ணம் தீட்டுக என்று மனிதர் இட்ட விதிப்படி கணிப்பொறி தீட்டிய நிறங்கள் அவை. நினைப்பு எழுந்த சில நொடிகளுக்குப் பின்னரே குருதி வந்து சேர்கிறது. படத்தின் ஒவ்வொரு சிறு புள்ளியும் இலட்சக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டு ஓசை.

கணக்கில் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் உடன் ஆய்ந்தோரும் 2009இல் நகைச்சுவையாகக் காட்டினர். இறந்துபோன சால்மன் மீன் ஒன்றைப் பொறியில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் உணர்வது என்ன என்று வினவினர். பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியே சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டால், செத்த மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ஒளிர்ந்தன! திருத்தம் செய்தவுடன் அவை மறைந்தன. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2012இல் அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஓவன் குழுவினர் பயன்படுத்திய அதே வகைப் பொறிதான் மீனிலும் உயிர் இருப்பதாகக் காட்டியது. பொறியைப் படிப்பவரின் நேர்மையும் கணக்கறிவுமே இரண்டையும் வேறுபடுத்துகின்றன.

மறுபுறத்துப் பிழை இன்னும் கடுமையானது. 2024இல் பல நாட்டு மருத்துவ மையங்கள் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. சொல்லுக்கு உடல் அசைக்காத 241 பேரைச் சோதித்ததில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளைப் படத்திலோ மூளை மின்னலைப் பதிவிலோ கட்டளைக்கு இணங்கிய அடையாளம் காட்டினர். இந்த எண் பெரிதாகப் பேசப்பட்டது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. படுக்கையருகே கேட்டால் உடலை அசைத்து இணங்கிக் காட்டக்கூடிய 112 பேரையும் இவ்வாறே சோதித்தனர். அவர்களுள் 43 பேரிடம் மட்டுமே மூளையில் அந்த அடையாளம் தென்பட்டது. உள்ளம் உண்டு என்று ஐயமறத் தெரிந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோரைக் கருவி தவறவிட்டது. ஆகவே படத்தில் அடையாளம் தோன்றினால் 'இருக்கிறார்' எனலாம். தோன்றாவிட்டால் 'இல்லை' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மூச்சுப் பொறியை நிறுத்துவதா, பயிற்சி மருத்துவத்தைத் தொடர்வதா, வலி நீக்கும் மருந்து தருவதா என்ற முடிவுகள் இதைச் சார்ந்திருக்கின்றன. 2019இல் நியூயார்க்கில் ஜான் கிளாசனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், மறுமொழியற்ற 104 பேருள் 16 பேரிடம் மறைந்த இணக்கம் காணப்பட்டது. ஓராண்டுக்குப் பின் ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது பிறர் துணையின்றி இருக்கும் அளவுக்குத் தேறியவர்கள், அடையாளம் காட்டியோருள் நூற்றுக்கு 44. காட்டாதோருள் நூற்றுக்கு 14. அடையாளம் காட்டியோர் அனைவரும் தேறவில்லை. காட்டாதோரிலும் சிலர் தேறினர். நம்பிக்கையையும் அளந்தே தரவேண்டும் என்பதை இவ்வெண்கள் கற்பிக்கின்றன.

பொறி இல்லாமலும் செய்யத் தக்கது உண்டு. பெல்ஜியத்தில் 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தாவர நிலை என்று மருத்துவர் குழு ஒருமித்து முடிவு செய்திருந்த 44 பேரை முறையான அளவுகோல் கொண்டு பொறுமையாக மீண்டும் சோதித்தனர். அவர்களுள் 18 பேரிடம் சிறிதளவேனும் நனவின் அடையாளம் தென்பட்டது. அச்சோதனையில் பயன்படும் கருவிகளுள் ஒன்று சாதாரண முகக்கண்ணாடி. கண்ணாடியை மெல்ல நகர்த்தும்போது நோயாளரின் விழி தன் முகத்தைத் தொடர்கிறதா என்று பார்ப்பார்கள். கோடிக்கணக்கில் விலை பெறும் பொறி எல்லா ஊரிலும் இராது. கண்ணாடியும் பொறுமையும் எங்கும் கிடைக்கும். நுட்பமாக உணரும் கண்ணும் செவியும் வாய்த்தவர்க்கே மெய்ப்பாட்டின் பொருள் புலப்படும் என்ற கருத்தோடு மெய்ப்பாட்டியல் நிறைவுறுகிறது. மருத்துவத்துக்கும் அது பொருந்துகிறது.

நனவு என்றால் என்ன என்னும் பெருவினா இன்னும் தீரவில்லை. மூளையில் நனவின் தெளிவான தடத்தை 25 ஆண்டுகளில் கண்டறிந்துவிடலாம் என்று நரம்பியலறிஞர் கிறிஸ்டோஃப் கோக் 1998இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் தோல்வியை ஒப்புக்கொண்டு பந்தயப் பொருளான மதுப் புட்டிகளை அளித்தார். வீட்டை நினைக்கும்போது எந்த இடம் இயங்குகிறது என்று பொறி காட்டும். அந்த வீட்டின் வாயிலில் நிற்கும்போது அப்பெண்ணுக்கு என்ன தோன்றியது என்பதைக் காட்டாது. அது மொழியின் நிலமாகவே இருந்து வருகிறது.

பெயர் மட்டும் மாறத் தொடங்கியிருக்கிறது. லியேஜின் ஸ்டீவன் லாரேஸ் முதலான ஐரோப்பிய மருத்துவர்கள் 2010இல் 'தாவர நிலை' என்ற பெயரைக் கைவிட்டு, 'மறுமொழியற்ற விழிப்பு' என்று வழங்கலாம் என முன்மொழிந்தனர். விழிப்பு இருக்கிறது, மறுமொழி காணவில்லை. கண்டதை மட்டும் சொல்கிறது இப்பெயர். காணாததைப் பற்றித் தீர்ப்பு வழங்கவில்லை. சொல்லைத் தேர்வதில் இத்தகைய அடக்கம் கவிஞர்க்கும் இலக்கணியர்க்கும் நெடுங்காலமாகப் பழகியது. தமிழில் இந்நிலையைக் குறிக்கச் சொல் ஆக்குவோர் 'தாவர நிலை' என்று மொழிபெயர்த்து வைப்பதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சொல் ஒருநாள் மருத்துவமனைத் தாளில் ஏறும். அதைப் படித்துவிட்டு ஒரு தாய் தன் மகளின் படுக்கையருகே சென்று அமர்வாள். அவள் அங்கே பேசுவாளா, பேசாதிருப்பாளா என்பது அந்தச் சொல்லையும் பொறுத்தது.